300 எம்பிபிஎஸ் போட்டும் அக்காவோட வீடியோ கால் ஏன் நின்னுச்சு?

போன எபிசோட்ல பாஸ்வேர்ட் மேனேஜர் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்களுக்கு நடுவுல, சம்பந்தமே இல்லாம ஒண்ணு வந்திருந்துச்சு. கோயம்புத்தூர் கணபதி பக்கம் புதுசா வாடகைக்கு வீடு எடுத்திருக்கார் ஒருத்தர். வீட்ல ஆறு பேர், அதுல ரெண்டு பேருக்கு வொர்க் ஃபிரம் ஹோம். நெட் கனெக்ஷன் கொடுக்க வந்தவர், "ஆறு பேர்னா கண்டிப்பா 300 வேணும் சார், 100 எல்லாம் தாங்காது"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். "ப்ரோ, நிஜமாவே 300 வேணுமா? இல்ல 100 போதுமா?" இதுதான் கேள்வி.

உடனே பதில் டைப் பண்ணப் போனேன். அப்புறம் நிறுத்திட்டேன். ஏன்னா இதே கேள்வியை ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி எங்க அப்பா என்கிட்ட கேட்டார். நான் யோசிக்காம ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்கு எங்க வீட்ல ரெண்டு பேர் விலை கொடுத்தாங்க. அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதுதான்.

எங்க வீடு தாம்பரம் பக்கம், சேலையூர்ல. கீழ ஒரு போர்ஷன், மாடியில ரெண்டு ரூம். அப்பா மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா, நான், காலேஜ் படிக்கிற தம்பி, இவ்வளவுதான் முதல்ல இருந்தோம். அப்புறம் அக்காவும் மாமாவும் ரெண்டு குழந்தைகளோட மாடிக்கு வந்தாங்க. அக்கா சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்தவங்க. குழந்தைகளுக்காக அஞ்சு வருஷம் வேலையை விட்டிருந்தாங்க. திரும்ப வேலைக்குப் போகணும், குழந்தைகளைப் பார்த்துக்க அம்மா பக்கத்துல இருந்தா நல்லதுன்னுதான் வந்ததே.

எட்டு பேர் ஆனதும் தினமும் ஒரு குரல் கேட்க ஆரம்பிச்சுது. மாடியில இருந்து மாமா "நெட் வருதா?"ன்னு கேட்பார். டிவி முன்னாடி இருந்து அம்மா "சுத்திக்கிட்டே இருக்கு பாரு"ன்னு சொல்வாங்க. தம்பி கேம்ல தோத்துட்டா அதுக்கும் காரணம் நெட்தான். ஒருநாள் அப்பா என் டேபிள் பக்கத்துல வந்து நின்னு, "நீதானேப்பா இஞ்சினியர், என்ன பண்ணலாம் சொல்லு"ன்னார். அப்போ எங்களுக்கு இருந்தது 100 எம்பிபிஎஸ் பிளான். நான் லேப்டாப்ல இருந்து தலையைக் கூட தூக்கல. "எட்டு பேர் இருக்கோம்ல, 300-க்கு மாத்திடுங்கப்பா."

அப்பா மாத்தினார். மாசம் 1,500 ரூபாய் பிளான். மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 1,770. மொத்தமா பத்து மாசப் பணம் கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீன்னு சொன்னதால, பென்ஷன் அக்கவுன்ட்ல இருந்து 17,700 ரூபாயை ஒரே அடியா கட்டிட்டார். பழைய பிளானுக்குக் கட்டினதை விட ரெண்டு மடங்குக்கு மேல. வந்த பையன் ரவுட்டர் பக்கத்துலயே நின்னு போன்ல டெஸ்ட் போட்டுக் காட்டினான். 290. எல்லாரும் சந்தோஷம். அப்பா அந்த ஸ்க்ரீனை தன் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டார்.

மூணு வாரம் கழிச்சு ஒரு புதன்கிழமை, காலையில 11 மணிக்கு அக்காவுக்கு இன்டர்வியூ. மூணாவது ரவுண்டு, வீடியோ கால். அஞ்சு வருஷ கேப்புக்கு அப்புறம் இவ்வளவு தூரம் வந்த முதல் இன்டர்வியூ அதுதான். ராத்திரி எல்லாம் உட்கார்ந்து தயாராகியிருந்தாங்க. மாடி ரூம்ல கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தாங்க. நான் கீழ என் மீட்டிங்ல இருந்தேன், எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல. 11:40-க்கு அக்கா இறங்கி வந்து சோபாவுல உட்கார்ந்தாங்க. "மூணு தடவை உறைஞ்சு போச்சுடா. வீடியோவை ஆஃப் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன். அப்புறம் குரலும் ரோபோ மாதிரி போச்சாம். அவங்களே சீக்கிரம் முடிச்சுட்டாங்க."

நாலு நாள் கழிச்சு 'மன்னிக்கவும்' மெயில் வந்துச்சு. நெட் நல்லா இருந்திருந்தா கிடைச்சிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

அன்னைக்கு ராத்திரி, மூணு வாரத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்க வேண்டிய வேலையைப் பண்ண உட்கார்ந்தேன். இதுக்கு எந்த டிகிரியும் வேணாம், நீங்களும் பண்ணலாம். மொத்தம் மூணு டெஸ்ட். ஃபாஸ்ட் டாட் காம்னு நெட்ஃபிளிக்ஸோட டெஸ்ட் பக்கம் இருக்கு, அது போதும்.

முதல் டெஸ்ட், லேப்டாப்பை லேன் கேபிள் வச்சு நேரா ரவுட்டர்ல சொருகிட்டு. 94 வந்துச்சு. 300 கட்டிட்டு 94! கோபத்துல கஸ்டமர் கேருக்கு போன் பண்ணப் போயிட்டேன். நல்லவேளை அந்த 94-ங்கிற நம்பர் எங்கயோ உறுத்துச்சு. உங்களுக்கும் 94, 95-னு வந்து அதுக்கு மேல ஒரு புள்ளி கூட ஏறாம நின்னா, சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் போர்ட்டையும். லேன் கேபிளுக்குள்ள எட்டு வயர் இருக்கும். அதுல நாலு வயர் மட்டும் வேலை செஞ்சா லைன் 100-ல நின்னுடும், 100-ல நிஜமா கிடைக்கிறது 94 சொச்சம்தான். சில ரவுட்டர்ல போர்ட்டே 100 போர்ட்டா இருக்கும். எங்க வீட்ல கேபிள்தான் பழசு. மாத்தினேன், 288 வந்துச்சு. ஆக ஆபரேட்டர் சொன்னதைக் கொடுத்திருக்கார், அவர் மேல தப்பே இல்ல.

ரெண்டாவது டெஸ்ட், ரவுட்டர் பக்கத்துலயே நின்னு வைஃபை. 280. அதுவும் சரி.

மூணாவது டெஸ்ட், மாடியில அக்கா உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. டவுன்லோட் 11. அப்லோட் 3.

பிளான் 300. நாற்காலிக்கு வந்து சேர்ந்தது 11.

இதை எங்க அம்மாவுக்கு எப்படிப் புரிய வச்சேன்னு சொல்றேன். மொட்டை மாடியில 500 லிட்டர் டாங்க் இருக்கு. பாத்ரூம் குழாய்ல தண்ணி சொட்டு சொட்டா வருது. காரணம், டாங்க்ல இருந்து அந்தக் குழாய்க்கு வர பைப்பு அரை இஞ்ச், அதுலயும் பாதி உப்பு படிஞ்சு அடைச்சிருக்கு. நான் என்ன பண்ணேன்னா, பைப்பைப் பார்க்காம டாங்கை 1,500 லிட்டருக்கு மாத்தச் சொன்னேன். அப்பா பென்ஷன் பணத்துல.

அந்தப் பைப்பு ஏன் அவ்வளவு சின்னது? எங்க ரவுட்டர் கீழ ஹால்ல, டிவி ஷோகேஸ்ல, டிவிக்குப் பின்னாடி. கம்பி வெளிய தெரியக் கூடாதுன்னு அங்க வச்சது. வைஃபை ரவுட்டர் பொதுவா ரெண்டு அலைவரிசையில பேசும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5-ல வேகம் அதிகம், ஆனா சுவரைத் தாண்ட கஷ்டப்படும். 2.4 தூரமா போகும், ஆனா மெதுவா. அதோட பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அதே 2.4-லதான் நெரிசல் போடும். எங்க பழைய வீட்டோட ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், அதுக்கு மேல கம்பி போட்ட கான்கிரீட் தளம். 5 மாடிக்குப் போகவே இல்ல. மாடியில எல்லா போனும் லேப்டாப்பும் 2.4-ல உயிரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கிட்டிருந்துச்சு.

ஆனா 11-ம் 3-ம் இருந்தாலே ஒரு வீடியோ காலுக்குப் போதுமே! ஜூம் மாதிரி ஒரு கால் நல்ல தரத்துல ஓட ரெண்டு பக்கமும் 3, 4 எம்பிபிஎஸ் போதும், குறைஞ்சா அதுவே தரத்தைக் குறைச்சுக்கிட்டு 1-லயும் சமாளிக்கும். அப்புறம் ஏன் குரல் கூடப் போகல?

ரெண்டு நாள் இது புரியல. மூணாவது நாள் அப்பாவோட போன்ல ஒரு நோட்டிஃபிகேஷன் பார்த்தேன். 'பேக்கப் ஆகிறது.' அப்பாவும் அம்மாவும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காசியில இருந்து திரும்பியிருந்தாங்க. கங்கா ஆரத்தி, படகு, ரயில் ஜன்னல், எல்லாத்தையும் அப்பா வீடியோவா எடுத்து வச்சிருந்தார், கிட்டத்தட்ட 40 ஜிபி. காலையில மாடி வராந்தாவுல உட்கார்ந்து பேப்பர் படிப்பார். போன் பக்கத்துல சார்ஜ்ல இருக்கும். சார்ஜ்ல இருக்கும்போது வைஃபை கிடைச்சா போட்டோ ஆப் தானா பேக்கப் எடுக்கும். 40 ஜிபியை நொடிக்கு 3 மெகாபிட் ஓட்டைக்குள்ள தள்ளினா, இடைவிடாம ஓடினாலும் 30 மணி நேரம் ஆகும். அக்கா இன்டர்வியூ நடந்தப்போ, பத்தடி தள்ளி, காசி மொத்தமும் அந்த ஓட்டை வழியா மேல ஏறிக்கிட்டிருந்துச்சு.

இங்க ரெண்டு விஷயம் நடக்குது. ரெண்டுமே விளம்பரத்துல வராது.

ஒண்ணு, வைஃபை என்பது ஒரே ஒரு மைக் இருக்கிற மீட்டிங் மாதிரி. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். சிக்னல் நல்லா இருக்கிற போன் சட்டுன்னு பேசி முடிச்சுட்டு மைக்கைக் கொடுத்துடும். சிக்னல் மோசமா இருக்கிற போன் அதே விஷயத்தை எழுத்துக்கூட்டிப் பேசும். மைக் அதுகிட்டயே இருக்கும். வராந்தாவுல இருந்த அப்பா போன் அப்படித்தான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு.

இன்னொண்ணு, வரிசை. வெளியே போற பாதை நிறைஞ்சதும் மிச்ச டேட்டா எல்லாம் போன்லயும் ரவுட்டர்லயும் ஒரு வரிசையில நிக்கும். அந்த வரிசையை நீளமா வச்சுட்டா எதுவும் தொலையாது, ஆனா எல்லாமே லேட் ஆகும். சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்ல ஆம்புலன்ஸ் மாட்டிக்கிட்டா எப்படி? அவசரம்னு சைரன் அடிச்சாலும் முன்னாடி நிக்கிற லாரி நகர்ந்தாதான் உண்டு. அக்காவோட குரல்தான் ஆம்புலன்ஸ். அப்பாவோட வீடியோ லாரி. இதுக்கு 'பஃபர்ப்ளோட்'னு பேர். 2010 வாக்கில ஜிம் கெட்டிஸ்னு ஒரு அமெரிக்க இஞ்சினியர் இந்தப் பேரை வச்சார். அவருக்கும் இது பிடிபட்டது வீட்ல இருந்து பெரிய ஃபைல் ஒண்ணை அனுப்பிக்கிட்டிருந்தப்போதான். எனக்கு அது கொஞ்சம் ஆறுதல். (சிரிப்பு)

ஃபாஸ்ட் டாட் காம்ல 'மேலும் விவரம்' காட்டச் சொன்னீங்கன்னா லேட்டன்சின்னு ரெண்டு நம்பர் வரும். ஒண்ணு லைன் சும்மா இருக்கும்போது, இன்னொண்ணு லைன் முட்டிக்கிட்டு இருக்கும்போது. ரெண்டாவதைப் பாருங்க. மாடி ரூம்ல எங்களுக்கு முதல் நம்பர் 20 மில்லிசெகண்ட், ரெண்டாவது 600-க்கு மேல. வர்ற வழியிலயே அரை நொடிக்கு மேல தாமதம்னா அந்தப் பேச்சு பேச்சே இல்ல. நீங்க பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது எதிர்ல இருக்கிறவங்க அடுத்த கேள்விக்குப் போயிருப்பாங்க.

சரி, அப்போ எட்டு பேர் வீட்டுக்கு நிஜமா எவ்வளவு வேணும்? ஆளை எண்ணக் கூடாது மக்களே. ஒரே நேரத்துல என்னென்ன ஓடுதுன்னு எண்ணணும். எங்க வீட்ல உச்ச நேரம் ராத்திரி எட்டரை. அன்னைக்கு ஒரு பேப்பர் எடுத்து எழுதினேன்.

ஹால் டிவியில 4கே படம் ஓடினா, நெட்ஃபிளிக்ஸ் கேட்கிறது 15 எம்பிபிஎஸ், யூடியூப் 20. பெரிசையே வச்சுப்போம், 20. அப்பா போன்ல நியூஸ், நல்ல தெளிவுல 5. குழந்தைங்க டேப்லட்ல கார்ட்டூன், இன்னொரு 5. எனக்கு அமெரிக்க டீமோட கால், 4. மாமாவுக்கும் ஒரு கால், 4. தம்பி கேம் விளையாடறான், அதுக்கு 1 கூட முழுசா வேணாம், 1-னே போடுவோம். அம்மா, அக்கா வாட்ஸ்அப், பின்னணியில ஓடுற அது இதுக்கு ஒரு 5. கூட்டினா 44. எதிர்பாராததுக்கு இன்னொரு மடங்கு வச்சா 88.

எட்டு பேர், உச்ச நேரம், ரெண்டு மடங்கு தாராளம். அப்பவும் எங்ககிட்ட முன்னாடியே இருந்த 100-ஐத் தாண்டல.

அப்லோடையும் தனியா எழுதுங்க, இதை யாரும் எழுதறதே இல்ல. ரெண்டு கால், எட்டு. வாசல்லயும் மாடிப்படியிலயும் ரெண்டு வைஃபை கேமரா, ஒண்ணுக்கு 2 வச்சு நாலு. மிச்சத்துக்கு 1. மொத்தம் 13. ஃபைபர் பிளான்கள்ல நிறைய இடத்துல அப்லோடும் டவுன்லோடும் ஒரே அளவு கொடுக்கிறாங்க, எல்லா இடத்துலயும் இல்ல. விளம்பரத்துல பெருசா போடுற நம்பர் டவுன்லோட் மட்டும்தான், அதுவும் முன்னாடியோ பின்னாடியோ 'வரை'ன்னு ஒரு சின்ன வார்த்தையோட. நம்ம நாட்டுல ஒரு லைனை பிராட்பேண்ட்னு சொல்லிக்க 2023-ல வச்ச குறைஞ்சபட்ச அளவு 2 எம்பிபிஎஸ், அதுவும் டவுன்லோடுக்கு. அமெரிக்காவுல 2024-ல 100 டவுன்லோடு, 20 அப்லோடுன்னு ரெண்டையும் சேர்த்து மாத்தினாங்க. அந்த 20-ஐ எழுதி வச்சது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

கேமரா பத்தி ஒரு சின்ன எச்சரிக்கை. அசைவு தெரிஞ்சா மட்டும் அனுப்புற மாதிரி வைக்காம, 24 மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பச் சொல்லிட்டீங்கன்னா, 2 எம்பிபிஎஸ் கேமரா ஒண்ணு மாசத்துக்கு 650 ஜிபி கிட்ட சாப்பிடும். 'அன்லிமிடெட்'னு போட்டிருக்கிற நிறைய பிளான்ல உள்ள 3300 ஜிபின்னு ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டினா வேகம் விழுந்துடும். சாதாரண வீட்டுக்கு அது தாராளம். 4கே படம் மணிக்கு 7 ஜிபி வச்சாலும் மாசம் 470 மணி நேரம் பார்க்கலாம். ஆனா அந்த மாதிரி நாலு கேமரா மாட்டினா அதுல பெரும் பங்கு கேமராவுக்கே போயிடும். மெமரி கார்டுல பதியுற மாதிரி வச்சுடுங்க.

அப்போ 300, 500 எல்லாம் ஏமாத்தான்னு கேட்டா, இல்ல. கல்யாண வீடியோ எடிட் பண்ற நண்பர் ஒருத்தர் எனக்கு இருக்கார். ஒரு தடவைக்கு 50 ஜிபி அனுப்புவார். 20 அப்லோட்ல அது அஞ்சரை மணி நேரம், 100 அப்லோட்ல ஒரு மணி நேரம் சொச்சம். அவருக்கு பெரிய பிளான் சாப்பாடு போடுது. எங்க தம்பி 100 ஜிபி கேம் இறக்கணும்னா 100-ல ரெண்டே கால் மணி நேரம், 300-ல முக்கால் மணி நேரம். அவன் இந்தக் கணக்கைச் சொல்லி 300-ஐ நியாயப்படுத்தப் பார்த்தான். "ராத்திரி போட்டுட்டுத் தூங்குடா"ன்னு அக்கா முடிச்சுட்டாங்க. இந்தக் கணக்கை நீங்களே போடும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பிளான்ல சொல்றது பிட், ஃபைல்ல சொல்றது பைட். எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும்.

இனி நாங்க என்ன பண்ணோம். ரவுட்டரை டிவிக்குப் பின்னாடி இருந்து எடுத்து, ஹால் சுவர்ல ஆளுயரத்துக்கு மேல மாட்டினோம். அம்மாவுக்கு அது அழகா இல்லன்னு இன்னும் வருத்தம். அங்க இருந்து மாடிப்படி ஜன்னல் வழியா ஒரு கேட் 6 கேபிளை மேல கொண்டு போய், மாடி நடுவுல ஒரு ஆக்சஸ் பாயின்ட் வச்சோம். அதாவது, கேபிள்ல வர நெட்டை அங்க புதுசா வைஃபையா கொடுக்கிற சின்னப் பெட்டி. எலக்ட்ரீஷியன் அண்ணன் கூலி சேர்த்து 3,800 ரூபாய். மாடி நாற்காலியில 240 வந்துச்சு. கடையில எக்ஸ்டெண்டர்னு ஒண்ணு மலிவா கொடுப்பாங்க, கேபிளே வேணாம்னு சொல்வாங்க. அது ஏற்கனவே மோசமா வர சிக்னலை வாங்கித்தான் திருப்பிக் கொடுக்கும், மலிவான மாடல்கள்ல பாதி வேகம் அங்கயே போயிடும். கேபிள் இழுக்க வழி இருந்தா கேபிள்தான். வாடகை வீட்ல சுவரைத் துளைக்க விட மாட்டாங்கன்னா, ஓரமா கேசிங் பட்டி ஒட்டிக் கொண்டு போகலாம்.

அப்புறம் ரவுட்டர் செட்டிங்ஸ்ல கியூஓஎஸ்னு ஒண்ணு இருந்துச்சு, ஆம்புலன்ஸுக்கு வழி விடுற வேலை. எங்க ரவுட்டர்ல அது பேருக்குத்தான் இருந்துச்சு, பெருசா உதவல. அதனால அப்பா போன்ல பேக்கப்பை ராத்திரிக்கு மாத்திடலாம்னு பார்த்தேன். அந்த ஆப்ல நேரம் வைக்கவே வழியில்ல. அப்பாகிட்ட சொன்னேன், "அப்பா, அக்கா கால்ல இருக்கும்போது மட்டும் வைஃபையை ஆஃப் பண்ணிடுங்க." ஏன்னு கேட்டார். அப்போதான் முழுசா சொல்ல வேண்டியிருந்துச்சு, காசி வீடியோவையும் சேர்த்து.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அப்போ அன்னைக்கு என் போன்தானா?"

"உங்க போன் இல்லப்பா. நான் மாடிக்குப் போய் ஒரு தடவை டெஸ்ட் பண்ணியிருக்கணும்."

"100-ஏ போதுமா இருந்துச்சா?"

"ஆமாப்பா."

17,700-ஐப் பத்தி அவர் அதுக்கப்புறம் பேசவே இல்ல. வருஷம் முடியற வரைக்கும் பிளானை மாத்த முடியாது, பணமும் திரும்ப வராதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா அன்னையில இருந்து, மாடிப்படிக்குக் கீழ நின்னு "பாப்பா, மீட்டிங்கா?"ன்னு கேட்டுட்டுத்தான் போனை சார்ஜ்ல போடுவார். இப்போ மாடியில தனி ஆக்சஸ் பாயின்ட் இருக்கு, அவர் எத்தனை காசியை வேணா ஏத்தலாம். சொன்னாலும் கேட்க மாட்டார்.

அக்காவுக்கு ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு கம்பெனியில இன்டர்வியூ வந்துச்சு. வைஃபையே வேணாம்னு ஆக்சஸ் பாயின்ட்ல இருந்து நேரா லேன் கேபிள் சொருகி உட்கார்ந்தாங்க. கிடைச்சுது, இப்போ வேலையில இருக்காங்க. அந்த மஞ்சள் கேபிள் இன்னும் அவங்க டேபிள்லயே இருக்கு, யாரையும் எடுக்க விடறதில்ல.

இப்போ கணபதி நண்பருக்கு. ஆறு பேர், ரெண்டு பேர் வீட்ல இருந்து வேலை. உங்க ராத்திரி எட்டரை மணிக் கணக்கை நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்க. ஆனா வீடியோ எடிட்டிங் மாதிரி வேலை எதுவும் இல்லன்னா, 100-க்கு மேல போக எனக்குக் காரணம் தெரியல. வருஷப் பணம் கட்டாதீங்க, முதல் மாசம் மட்டும் கட்டுங்க. ரவுட்டரை வீட்டு நடுவுல வைக்கச் சொல்லுங்க, வந்தவர் ஃபைபர் வயர் மிச்சம் பண்ண வாசல் ஓரமா வைக்கத்தான் பார்ப்பார், விடாதீங்க. அவர் கிளம்பறதுக்கு முன்னாடி, ரெண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கப் போற அதே இடத்துல டெஸ்ட் போட்டுப் பாருங்க. பக்கத்து வீட்ல அதே கனெக்ஷன் இருந்தா, ராத்திரி ஒன்பது மணிக்கு எப்படி இருக்குன்னு கேளுங்க. தெருவுக்கு வர ஒரு ஃபைபரைத்தான் 32, 64 வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்கிறாங்க, அதனால மதியம் வர வேகம் ராத்திரி வரணும்னு இல்ல. 100 பத்தலன்னா ஒரு போன் கால்ல ஏத்திடுவாங்க. ஏத்தறதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க.

எங்க வீட்ல வருஷம் முடிஞ்சு ரினியூவல் வந்துச்சு. அதே பையன் வந்தான். "சார், இப்போ 500 பிளான் ஆஃபர்ல இருக்கு, எட்டு பேர் வீட்டுக்குக் கரெக்டா இருக்கும்"னான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த நோட்டீஸை வாங்கிப் பார்த்தார்.

"100 போடு போதும். ஆமா தம்பி, இதுல அப்லோட் எவ்வளவு?"

"கேட்டுட்டு சொல்றேன் சார்"ன்னுட்டுப் போனான். ரெண்டு நாள் கழிச்சு எழுதியே எடுத்துட்டு வந்தான்.